விட்டுப் பிடிக்கும் நாக்கு: இயந்திரங்களில் ஒருவழித் தடுப்பானைத் தேர்ந்தெடுக்கும் முறை

குடையை விரிக்கும்போது நடப்பதை ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றியிருக்கும் வளையத்தை மேலே தள்ளுகிறோம். தண்டின் பிளவிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் சிறிய கம்பி நாக்கு, வளையம் தன்மீது ஏறும்போது எதிர்ப்புக் காட்டாமல் உள்ளே அமுங்குகிறது. வளையம் தாண்டிய மறுகணமே ‘டக்’ என்று வெளியே வந்து நிற்கிறது. இனி வளையம் கீழே இறங்க முயன்றால் அந்த நாக்கின்மேல்தான் உட்கார வேண்டும். மடக்கலாம் என்று நாம் முடிவு செய்தால் மட்டும் கட்டைவிரலால் நாக்கை அமுக்கி வளையத்தை இறக்குகிறோம். வேலூர் வெயிலுக்கு அஞ்சிக் குடை எடுக்கும் ஒவ்வொருவர் கையிலும், தொழிற்சாலைகளில் ‘ஒன்வே ஸ்டாப்பர்’ என்று சொல்லப்படும் ஒருவழித் தடுப்பான் முழு வடிவில் இருக்கிறது.

அந்தச் சிறு கம்பி நான்கு வேலைகளைச் செய்கிறது. ஒரு திசையில் வருவதற்கு வழிவிடுகிறது, வந்தது கடந்ததும் உடனே எழுகிறது, எதிர்த்திசையில் வருவதைத் தாங்கி நிறுத்துகிறது, கேட்டால் விலகுகிறது. கன்வேயரில் (பொருள்களை நகர்த்தும் பெல்ட் அல்லது ரோலர் தடத்தில்) போகும் அட்டைப்பெட்டிக்கோ, பிளாஸ்டிக் பெட்டியான கிரேட்டுக்கோ தடுப்பான் தேடுகிறவர், பெரும்பாலும் மூன்றாவது வேலையை மட்டுமே நினைத்துக்கொண்டு தேடுகிறார். ‘எவ்வளவு எடையைத் தாங்கும்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. என் அனுபவத்தில் தடுப்பான்கள் தாங்க முடியாமல் உடைந்து கெட்டது குறைவு. வழிவிடத் தெரியாமலும் நேரத்துக்கு எழாமலும் கெட்டவையே அதிகம். ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் இரண்டு வேலைகளுக்கே கூடுதல் இடம் தருகிறேன்.

எங்கே தேவைப்படுகிறது

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் தொழில்கள் ஒன்றோடொன்று பின்னியே இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோலும் காலணியும், ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகள், குடியாத்தத்தில் தீப்பெட்டி, இவற்றுக்கு இயந்திரம் செய்துதரும் சிறு பட்டறைகள் எங்கும் உண்டு. இந்த இடங்களில் எல்லாம் ஏதோ ஒரு பொருள் ஒரு திசையில் நகர்கிறது. அது பின்வாங்கக் கூடாத இடங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது சரிவு. தள்ளுதண்டு ஒரு பெட்டியைச் சரிவான ரோலர்கள்மீது மேலே தள்ளிவிட்டுத் திரும்பிப் போகும். அது போனதும் பெட்டி உருண்டு இறங்கிவிடக் கூடாது. இரண்டாவது, தள்ளுதண்டு அடுத்தடுத்துத் தள்ளும் தட்டையான தடத்தில், முன்னால் போன பொருள் அதிர்வினால் பின்னுக்கு வரக் கூடாத இடம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பொருளைத் துல்லியமான ஓரிடத்தில் நிறுத்த, பெல்ட் அதை நாக்கைத் தாண்டி முன்னே கொண்டுபோய், பிறகு சற்றே பின்னோக்கி ஓடி, பொருளின் பின்விளிம்பை நாக்கின்மேல் சாய்த்து வைக்கும். இங்கே தடுப்பான் அளவுகோலாகவும் இருக்கிறது.

‘மோட்டாருக்கு பிரேக் போட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். பிரேக் பெல்ட்டைப் பிடிக்கும். ரோலர்மீது தன்போக்கில் உருளும் பெட்டியைப் பிடிக்காது. சைக்கிள் ஃப்ரீவீல் நல்ல உறவுக்கார உதாரணம்: பெடலைப் பின்னால் சுற்றும்போது எழும் ‘கிர்ர்’ ஒலி, உள்ளே இருக்கும் சிறு நாக்குகள் பற்களின் சரிவில் ஏறி விழும் ஒலியே. ஏரி மதகடியில் வைக்கும் மீன் பறியின் வாயில் உள்நோக்கிச் சாய்த்துக் கட்டிய மூங்கில் குச்சிகளும் இதே வேலையைச் செய்கின்றன. மீன் நுழையும்போது விலகும், திரும்பும்போது குத்தி நிற்கும். ஆனால் இவை இரண்டிலும் நாம் கேட்டால் விலகும் ஏற்பாடு கிடையாது. குடையில் அது உண்டு. இயந்திரத்தில் நமக்கு வேண்டியது குடையின் நாக்கு.

இரண்டு குடும்பங்கள்

சந்தையில் பல பெயர்களில் விற்றாலும், அடிப்படையில் இரண்டே குடும்பங்கள்தான். ஒன்று, துளைக்குள் நேராக மேலும் கீழும் ஏறி இறங்கும் பிளஞ்சர். அதன் தலையில் ஒருபுறம் சாய்வாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் சீவியிருக்கும். அடியில் ஸ்பிரிங் இருக்கும். வீட்டுக் கதவுப் பூட்டின் நாக்கைப் போன்றது. மற்றொன்று, ஒரு பின்னை, அதாவது அச்சாணியைச் சுற்றி ஊஞ்சல்போல் சாயும் நாக்கு. பொருளைப் பிடிக்கும் முனை அதன் மூக்கு, எதிர்முனை வால். அதை எழுப்புவது ஸ்பிரிங்காகவும் இருக்கலாம், வாலில் வைத்த எடையாகவும் இருக்கலாம். பிளஞ்சருக்கு இடம் குறைவாகப் போதும், துளையிட்டுச் செருகிவிடலாம். சாயும் நாக்குக்கு இடம் வேண்டும், ஆனால் தூசியையும் அழுக்கையும் அது பொறுத்துக்கொள்ளும். புதியவர்கள் இடவசதியை மட்டும் பார்த்துப் பிளஞ்சரை எடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

வழிவிடுவதன் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ராணிப்பேட்டைப் பக்கம் காலணி அடிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கிரேட்டுகளை ஓரிடத்தில் நிறுத்தப் பிளஞ்சர் வகைத் தடுப்பான் ஒன்றை வடிவமைத்துப் பொருத்தினேன். கிரேட் நிறைந்திருந்தால் 14 கிலோ. சோதனை ஓட்டம் முழுவதையும் நிறைந்த கிரேட்டுகளைக் கொண்டே செய்தேன். ஒன்றுகூடத் தவறாமல் தாண்டிப் போய், திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தது. ஷிஃப்ட் முடிவில் காலிக் கிரேட்டுகளும் அதே பெல்ட்டில், அதே திசையில்தான் போகும் என்பதை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. முதல் நாள் மாலை, 2 கிலோ எடையுள்ள காலிக் கிரேட் ஒன்று பிளஞ்சரின் சாய்முகத்தில் முட்டி நின்றது. பெல்ட் அதன் அடியில் தேய்த்துக்கொண்டே ஓடியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அவசர நிறுத்தத்தை அழுத்தியிராவிட்டால் பெல்ட் கிழிந்திருக்கும்.

காரணத்தைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். பெல்ட்மீது இருக்கும் கிரேட்டை முன்னே தள்ளுவது உராய்வு மட்டுமே. பெல்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோவின் எடையை 10 நியூட்டன் என்று கொள்வோம். 14 கிலோ கிரேட்டின் எடை 140 நியூட்டன்; அதைப் பெல்ட் அதிகபட்சம் 42 நியூட்டன் விசையோடு தள்ளும். காலிக் கிரேட்டுக்குக் கிடைப்பது வெறும் 6 நியூட்டன்.

இனி, சாய்முகத்தின்மேல் ஏறிப் பிளஞ்சரை அமுக்க எவ்வளவு தள்ளுவிசை தேவை? அது ஸ்பிரிங்கின் விசையையும் சாய்முகத்தின் கோணத்தையும் சார்ந்தது. பொருள் போகும் திசையோடு சாய்முகம் 30 பாகையில் இருந்து, அங்கே உராய்வுக் கெழு 0.2 ஆக இருந்தால், ஸ்பிரிங் விசையைப் போல் ஏறத்தாழ 0.9 மடங்கு தள்ள வேண்டும். 45 பாகை என்றால் 1.5 மடங்கு. 60 பாகை என்றால் ஏறத்தாழ 3 மடங்கு. கோணம் இரட்டிக்கும்போது தேவைப்படும் விசை மூன்று மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. துளைச் சுவரில் பிளஞ்சர் உரசுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். நான் வைத்திருந்தது 45 பாகை. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது 15 நியூட்டன். ஆகத் தேவை 22 நியூட்டன். நிறைந்த கிரேட் அதைப் பொருட்படுத்தவில்லை. காலிக் கிரேட்டிடம் அந்த வலு இல்லை.

இதோடு முடியவில்லை. பிளஞ்சர் அமுங்கும்போது அதே ஸ்பிரிங் விசை கிரேட்டை மேல்நோக்கித் தூக்குகிறது. 20 நியூட்டன் எடையுள்ள காலிக் கிரேட்டை 15 நியூட்டன் தூக்கினால், பெல்ட்டின்மேல் அழுந்துவது 5 நியூட்டன்தான். அப்போது பெல்ட் கொடுக்கும் தள்ளுவிசை 1.5 நியூட்டனாகச் சுருங்கிவிடும். கிரேட்டை நான் கையால் தள்ளி நாக்கின்மேல் ஏற்றிவிட்டபோதும் அது நகராமல் நின்றதற்கு இதுதான் காரணம். பொருளின் எடையைச் சுமப்பது யார், ஸ்பிரிங்கா பெல்ட்டா என்ற கேள்வியை வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, தடுப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழுதி வைக்க வேண்டிய எண், அந்தத் தடத்தில் போகக்கூடிய மிக லேசான பொருளின் எடை. கனமான பொருளின் எடை அடுத்த வரியில் வரட்டும். சாய்முகத்தை 30 பாகைக்கும், ஸ்பிரிங்கை 3 நியூட்டனுக்கும் குறைத்ததும் நிலைமை மாறியது: தேவை 2.6 நியூட்டன், காலிக் கிரேட்டுக்குக் கிடைப்பது 5 நியூட்டனுக்குச் சற்று மேல். ஏறத்தாழ இரு மடங்கு கையிருப்பு இருக்கிறது. தேவையைப் போல் இரு மடங்காவது கிடைக்காவிட்டால், பெல்ட்டில் ஒரு துளி எண்ணெய் பட்டாலே பொருள் நின்றுவிடும்.

பெல்ட்டால் அல்லாமல் தள்ளுதண்டாலோ சங்கிலிக் கொக்கியாலோ பொருள் தள்ளப்படும் இடங்களில் இந்தக் கவலை குறைவு. அங்கே தள்ளும் விசைக்குப் பஞ்சமில்லை. ஆனால் லேசான பொருளை நாக்கு தூக்கிவிடும் ஆபத்து அங்கும் உண்டு. வலுவான ஸ்பிரிங்கின்மேல் ஏறும் காலி அட்டைப்பெட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த ரோலரில் கவிழும்.

எழுவதற்கு வேண்டிய நேரம்

நாக்கு எழ வேண்டுமானால் இரண்டு பொருள்களுக்கு இடையே வெளி இருக்க வேண்டும். ஒன்றையொன்று ஒட்டி வரும் பெட்டிகளுக்கு நடுவே ஒருவழித் தடுப்பான் எழவே முடியாது. அந்தத் தடத்துக்கு அதைப் பரிந்துரைப்பவர் படத்தை மட்டும் பார்த்துப் பரிந்துரைக்கிறார் என்று பொருள்.

வெளி இருந்தாலும் நேரம் போதுமா என்று பார்க்க வேண்டும். பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, இரண்டு பெட்டிகளுக்கு இடைவெளி 50 மி.மீ. என்றால், நாக்குக்குக் கிடைக்கும் நேரம் பத்தில் ஒரு நொடி. ஒரு பொருள் தடையில்லாமல் 20 மி.மீ. விழுவதற்கே ஏறத்தாழ 0.064 நொடி ஆகும். வாலில் எடை வைத்த நாக்கு அவ்வளவு வேகமாக அசையாது. வாலின் எடை தன்னையும் மூக்கையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருப்பதால், முடுக்கம் கால் பங்காகக் குறைந்தால் நேரம் இரு மடங்காகி 0.13 நொடி ஆகிவிடும். அதற்குள் அடுத்த பெட்டி வந்து மூக்கை மறுபடி அமுக்கிவிடும். வேகமான தடத்துக்கு ஸ்பிரிங், மெதுவான தடத்துக்கு எடை என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். எடையால் எழும் நாக்கில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: அது நிமிர்ந்த நிலையில்தான் வேலை செய்யும். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்த வேண்டுமானால் ஸ்பிரிங்கைத் தவிர வேறு வழியில்லை.

நான் ஸ்பிரிங்கை 3 நியூட்டனுக்குக் குறைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது எழும் வேகத்தைக் குறைக்கவில்லை. பிளஞ்சர் லேசானதாக இருந்ததால் துள்ளியே எழுந்தது. சில வாரங்கள் கழித்துச் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. அடிப்பாகங்களின் விளிம்பைத் தேய்க்கும்போது பறக்கும் ரப்பர்த் தூள் துளைக்குள் இறங்கி, கிரீஸோடு கலந்து, கருப்புப் பசையாகி, அந்த மெல்லிய ஸ்பிரிங்கைத் தோற்கடித்துவிட்டது. பிளஞ்சர் உள்ளேயே தங்கிவிட்டது. வலுவான ஸ்பிரிங் போட்டால் காலிக் கிரேட் நிற்கும். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் பிளஞ்சர் எழாது. இரண்டுக்கும் இடையே பிளஞ்சருக்கு இடமே இல்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். சாயும் நாக்குக்கு மாறினேன். வாலில் அரைக் கிலோ எடையைப் பின்னிலிருந்து 40 மி.மீ. தள்ளியும், மூக்கை 80 மி.மீ. தள்ளியும் வைத்தால், தராசுக் கணக்குப்படி மூக்கு நுனியில் 2.5 நியூட்டன் மேல்நோக்கிக் கிடைக்கும். மூக்கின் சொந்த எடைக்காக வாலில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தடத்தில் கிரேட்டுகளுக்கு இடையே போதிய வெளி இருந்ததால் மெதுவாக எழுந்தாலும் பாதகமில்லை. உரசும் பரப்பு ஒரு பின் மட்டுமே; தூள் வந்தாலும் கீழே உதிர்ந்துவிடும்.

வாங்கும் அடி

தாங்கும் வலிமையைப் பற்றி இப்போது பார்க்கலாம். 15 பாகைச் சரிவில் 20 கிலோ பெட்டி ஒன்று நாக்கின்மேல் சாய்ந்து நிற்கிறது என்றால், ரோலரின் உராய்வைப் புறக்கணித்து, சரிவின் வழியே அது கொடுக்கும் விசை ஏறத்தாழ 52 நியூட்டன். ஐந்து கிலோ எடைதான். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் பெட்டி சாய்ந்து நிற்பதற்கு முன் உருண்டு வந்து மோதுகிறது. தள்ளுதண்டு விட்ட இடத்துக்கும் நாக்கின் முகத்துக்கும் இடையே 30 மி.மீ. இருந்தால், அந்தத் தூரம் உருளும்போது சேரும் ஆற்றல் ஏறத்தாழ 1.6 ஜூல். எஃகு நாக்கு 1 மி.மீ. மட்டும் வளைந்து கொடுத்து அதை நிறுத்துகிறது என்றால், சராசரி விசை ஏறத்தாழ 1,600 நியூட்டன். 160 கிலோவைத் தூக்கி வைத்ததற்குச் சமம். மோதலின் உச்ச விசை அதைப் போல் இரு மடங்கு வரை போகலாம்.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் நாக்கைத் தடிமனாக்குவதைவிட மலிவானவை. முதலாவது, பின்வாங்கும் தூரத்தைக் குறைப்பது. பொருளின் பின்விளிம்பு நாக்கைத் தாண்டி 10 மி.மீ. மட்டுமே போகும்படி நாக்கின் இடத்தை மாற்றினால் ஆற்றலும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பெட்டிகளின் நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டால், ஒரே நாக்குக்குப் பதிலாக இரண்டு நாக்குகளை முன்னும் பின்னுமாக இடம் மாற்றி வைக்கலாம். எது அருகில் இருக்கிறதோ அது பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, நாக்கின் முகத்தில் பாலியூரித்தேன் பட்டை ஒட்டுவது. அது 3 மி.மீ. அமுங்கினால், அதே மோதல் 570 நியூட்டனுக்கு இறங்கிவிடும். ஆனால் பொருளை அளவாக நிறுத்த வேண்டிய இடத்தில் பட்டை ஒட்டக் கூடாது; பட்டை அமுங்கும் அளவுக்கு நிறுத்தும் இடம் தடுமாறும்.

பின் அறுந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இருபுறமும் தாங்கப்பட்ட 8 மி.மீ. பின்னில் 1,600 நியூட்டன் ஏறினால் அதன்மேல் வரும் வெட்டு அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 16 நியூட்டன் மட்டுமே. சாதாரண எஃகுக்கு அது ஒரு பொருட்டல்ல. உண்மையில் நகர்வது, நாக்கைத் தாங்கும் பிராக்கெட். அளவு சரிசெய்ய வசதியாக நீள்துளை போட்டு, ஒரு போல்ட்டை இறுக்கி விட்டுவிடுவார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அடி வாங்கும்போது, அந்த நீள்துளையில் பிராக்கெட் இழை இழையாகப் பின்னுக்குப் போகும். இடம் உறுதியானதும், பிராக்கெட்டை நகரவிடாமல் துளையில் இறுக்கமாக அடிக்கும் டவல் பின்கள் இரண்டைப் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

முகமும் அச்சும்

சாயும் நாக்கில் பின் எங்கே இருக்கிறது என்பதே அது பிடிக்குமா வழுக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. பொருள் இடமிருந்து வலமாகப் போகிறது என்றால், பின் இடப்புறத்தில், பொருள் மோதும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது திரும்பி வரும் பொருள் நாக்கின் முகத்தைத் தள்ளத் தள்ள மூக்கு இன்னும் மேலே எழவே முயலும். வால் ஒரு நிறுத்தப் போல்ட்டில் முட்டி நிற்கும். ஸ்பிரிங் உடைந்து போனாலும், ஒருமுறை பிடித்த பொருளை அது விடாது. பின்னை மோதும் இடத்தைவிட உயரமாக வைத்துவிட்டால், பொருளின் தள்ளலே மூக்கைக் கீழே அமுக்கும். எவ்வளவு வலுவான ஸ்பிரிங் போட்டாலும் அது தோற்கும் போட்டிதான். ஒரு துண்டு அட்டையில் நாக்கின் வடிவத்தை வெட்டி, குண்டூசியைப் பின்னாகக் குத்தி, விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கை சொல்லிக்கொடுத்துவிடும்.

பிளஞ்சரில் வேறொரு நுணுக்கம் உண்டு. வட்டத் துளைக்குள் இருக்கும் வட்டப் பிளஞ்சர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளும் ஏறி இறங்கும்போது ஒரு இம்மி சுற்றி, சில நாள்களில் சாய்முகம் பக்கவாட்டைப் பார்த்து நிற்கும். பிறகு அது இரு திசையிலும் அரைகுறையாக வழிவிடும். பிளஞ்சரின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவியோ, நீளவாட்டில் சாவிப் பள்ளம் போட்டோ சுற்றவிடாமல் செய்திருக்கிறார்களா என்று வாங்கும்போதே கையில் எடுத்துத் திருகிப் பார்க்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைப் போல் இரு மடங்காவது துளைக்குள் தாங்கப்பட்டிருக்கிறதா என்பதையும் நான் பார்ப்பேன். இல்லாவிட்டால் பக்கவிசையில் அது கோணலாகி இறுகிவிடும்.

மெருகேற்றிய தோல் போன்று கீறல் படக்கூடாத பொருளுக்கு நாக்கின் நுனியில் நைலான் ரோலர் வைப்பது நல்ல யோசனை. ஆனால் அந்த ரோலரின் மையம், பொருளின் அடிவிளிம்பைவிட உயரமாக எழ வேண்டும். 12 மி.மீ. ரோலர் 6 மி.மீட்டருக்கும் குறைவாக எழுந்தால், பின்வாங்கும் பொருள் ரோலரின் மேல்வளைவில் ஏறி அதை அமுக்கிவிட்டு இறங்கிப் போய்விடும். தேய்ந்துபோன எஃகு நாக்கிலும் நடப்பது இதுவே: கூரான விளிம்பு மழுங்கி வளைந்ததும், அந்த வளைவே ஒரு சிறு சாய்முகமாகிவிடுகிறது. நாக்கின் முகத்தை மோதும் விளிம்பு வரை கடினப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

விலகச் சொன்னால் விலகுமா

அபூர்வமாகத்தான் விலக்க வேண்டியிருக்கிறது, தடத்தைக் காலி செய்யும்போது மட்டும் என்றால், கையால் இழுக்கும் குமிழோ காலால் மிதிக்கும் நெம்புகோலோ போதும். ஒவ்வொரு சுற்றிலும் விலக வேண்டுமானால், காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் சிலிண்டர் அல்லது மின்காந்தத்தால் இழுக்கும் சோலனாய்டு வேண்டும். சோலனாய்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தபடி மின்சாரத்தில் இருந்தால் அதன் காயில் சூடேறும், மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் நம் ஊர் ஷெட்டுகளில் அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு. தொடர்ந்து இயங்கத்தக்கது என்று குறிப்பிட்டதை மட்டுமே அங்கே வாங்க வேண்டும்.

சிலிண்டர் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, நாக்கின்மேல் பொருள் சாய்ந்திருக்கும் நிலையில் விலக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். முன் சொன்ன சரிவில் ஆறு பெட்டிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தால் நாக்கின் முகத்தில் அழுந்துவது 300 நியூட்டனுக்கு மேல். உராய்வுக் கெழு 0.25 என்றால், நாக்கை உருவ 78 நியூட்டன் வேண்டும். ஸ்பிரிங் விசை தனி. 16 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் 5 பார் அழுத்தத்தில் 100 நியூட்டன் கொடுக்கும். தண்டு இருக்கும் பக்கத்திலிருந்து இழுத்தால் இன்னும் குறையும். ஏட்டில் போதும், தடத்தில் போதாது. 25 மி.மீ. சிலிண்டர் 245 நியூட்டன் கொடுக்கும்; அதைத்தான் நான் எடுப்பேன். முகத்தை உட்சரிவாக, அதாவது மேல்விளிம்பு பெட்டியை நோக்கித் துருத்தும்படி சீவியிருந்தால் பிடி இறுகும், ஆனால் விலக்கும்போது பெட்டி வரிசை முழுவதையும் சற்றே மேலே தள்ளித்தான் நாக்கு வெளிவரும். சுமையோடு விலக்க வேண்டிய இடத்தில் உட்சரிவைத் தவிர்த்துவிடுவதும், முடிந்தால் தள்ளுதண்டைக் கொண்டு பெட்டியை ஒரு இம்மி முன்னே நகர்த்திவிட்டு நாக்கை இறக்குவதும் என் வழக்கம்.

மின்சாரமோ காற்றோ நின்றால் நாக்கு எந்த நிலையில் நிற்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஸ்பிரிங் எழுப்ப, காற்று இறக்க என்ற ஏற்பாட்டில், மின்வெட்டு வந்தால் நாக்கு எழுந்தே நிற்கும். சரிவில் நிற்கும் பெட்டிகள் அப்படியே இருக்கும். எதிர் ஏற்பாட்டில், காற்றழுத்தம் குறையக் குறையப் பெட்டிகள் கீழே நிற்பவர்மேல் இறங்கும். சரிவுத் தடத்தில் இதற்கு இரண்டாவது கருத்து இருக்க முடியாது. நாக்குக்கும் பெட்டிக்கும் இடையே விரல் சிக்கும் இடத்தை மூடும் தகட்டையும் அதே வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும். பிறகு போடலாம் என்று விட்ட தகட்டை யாரும் பிறகு போடுவதில்லை.

இடத்துக்கேற்ற உலோகம்

தோல் பதனிடும் ஈரப் பகுதியில் உப்பும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்ந்து சாதாரண எஃகுப் பின்னைத் துருப்பிடித்து இறுகச் செய்துவிடும். உப்பு இருக்கும் இடத்தில் 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும், 316 வகை அதைவிட மேல். அரிசி ஆலையின் அரவைப் பகுதியில் ஈரம் இல்லை, ஆனால் உமியில் சிலிக்கா மிகுதி. அது துளைக்குள் புகுந்தால் மெல்லிய அரம்போல் அராவும். அங்கே பிளஞ்சரை நினைக்கவே வேண்டாம். கிரீஸ் தடவுவதும் உதவாது, தவிட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டாத நைலான் புஷ் (பின்னைச் சுற்றிய உறை) போட்ட சாயும் நாக்கே அங்கே ஏற்றது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் மருந்துத் தூள் உராய்வாலும் அடியாலும் பற்றக்கூடியது என்பதால், எஃகோடு எஃகு மோதும் எந்தத் தடுப்பானையும் நான் வைக்க மாட்டேன்.

ராணிப்பேட்டையில் மாற்றி வைத்த அந்தச் சாயும் நாக்கைப் பொருத்திய அன்று, முதலில் ஒரு காலிக் கிரேட்டை விட்டேன். பிறகு ஒரு மூலை உடைந்த காலிக் கிரேட்டை விட்டேன். பிறகு அடியில் தண்ணீர் சொட்டும் ஒன்றை விட்டேன். மூன்றும் தாண்டிய பிறகே நிறைந்த கிரேட்டுகளை ஏற்றினோம். ஒரு வாரம் கழித்து நாக்கின் மோதும் விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் இன்னும் அதில் தடுக்கியது. அந்தச் சோதனையை மெயின்டனன்ஸ் பட்டியலில் மாதம் ஒருமுறை என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.